ஓராண்டுப் பொறுப்பும் ஓயாத தொண்டும்

(சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

 

புதுச்சேரி நகரின் பாரதி பூங்காவிற்குச் சென்றவர்கள் அதன் நடுவே வெண்ணிறத்தில் நிற்கும் ஆயி மண்டபத்தைக் காணாமல் திரும்பியிருக்க முடியாது. புதுவை அரசின் இலச்சினையில் இடம்பெற்றிருப்பதும் அம்மண்டபமே. ஆயி என்பவள் அரசியும் அல்லள். அமைச்சர் குலத்தவளும் அல்லள். தாசி குலத்துப் பெண் என்று வழக்காறு கூறுகிறது. அவள் வாழ்ந்த மாளிகையைக் கோயில் என்று கருதிக் கைகூப்பிய மன்னன் ஒருவன், உண்மை அறிந்து சினந்து, அதனை இடிக்க ஆணையிட்டானாம். ஆயி தானே முன்வந்து மாளிகையை அகற்றி, அவ்விடத்தில் ஒரு குளத்தை வெட்டுவித்தாளாம். பல தலைமுறைகள் சென்றபின், பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில், கடலோரமாக அமைந்த நகரம் நல்ல குடிநீருக்குத் தவித்தது. அப்பொழுது முத்திரையர்பாளையத்திலிருந்து நகருக்கு நீர் கொண்டுவரப்பட்டது. அந்நீரின் பின்னிருந்த கதையைக் கேட்டு, மூன்றாம் நெப்போலியன் ஆயியின் பெயரால் மண்டபம் எழுப்பச் செய்தார் என்பர்.

இக்கதையில் வரலாறு எவ்வளவு, வழக்காறு எவ்வளவு என்பதை அறிஞர்கள் ஆய்ந்து கூறட்டும். புதுவை மக்கள் இதனைப் போற்றி வைத்திருப்பதற்குக் காரணம் ஒன்று உண்டு. குளம் வெட்டிய நாளில் ஆயிக்கு விழா எடுத்தவர் எவருமில்லை. நீர் நிலைத்தது, நீர் நிலைத்தமையால் பெயரும் நிலைத்தது. ஒரு தொண்டுச் சங்கத்தின் ஓராண்டுப் பணியை எந்த அளவுகோலால் அளப்பது என்னும் கேள்விக்கு இதைவிட நல்ல விடை வேறொன்று வேண்டியதில்லை.

நகரங்களில் பணியாற்றும் தொண்டுச் சங்கங்களுள் ரோட்டரி சங்கமும் அரிமா சங்கமும் யாவரும் அறிந்தவை. 1905-ஆம் ஆண்டு பிப்ரவரி 23 அன்று அமெரிக்காவின் சிகாகோ நகரில் பால் ஹாரிஸ் என்னும் வழக்கறிஞரும் நண்பர் மூவரும் கூடிய சிறு கூட்டமே ரோட்டரியின் தொடக்கம். உறுப்பினர்களின் அலுவலகங்களில் சுழல் முறையில் கூடியமையால் அப்பெயர் அமைந்தது. அதே சிகாகோவில் 1917-இல் மெல்வின் ஜோன்ஸ் என்பவரின் முயற்சியால் அரிமா சங்கங்கள் தோன்றின. ரோட்டரி 1920-இல் கல்கத்தாவிலும் 1929-இல் சென்னையிலும் வேரூன்றியது. இன்று புதுவை நகரின் ரோட்டரி சங்கங்கள் 2981 என்னும் எண்ணுடைய ரோட்டரி மாவட்டத்தில் அடங்கியுள்ளன. வணிகர், ஆசிரியர், மருத்துவர், வழக்கறிஞர் எனப் பல தொழிலினரும் அவற்றில் ஒன்றுகூடுகின்றனர்.

இச்சங்கங்களுக்கு ஓர் ஆண்டு என்பது ஜூலை 1-இல் பிறந்து ஜூன் 30-இல் முடிவது. தலைவரின் பொறுப்பு ஓராண்டே. இம்முறையில் ஒரு பெரும் நன்மை உண்டு. எவரும் நாற்காலியை விடாமல் பற்றிக்கொண்டிருக்க இயலாது. புதியவர்களுக்கு வாய்ப்புக் கிட்டும். ஆனால் அதே முறையில் ஒரு பெரும் குறையும் ஒளிந்திருக்கிறது. ஒவ்வொரு தலைவரும் தம் பெயர் சொல்லப் புதிதாக ஒன்றைத் தொடங்க விரும்புவார். சென்ற ஆண்டு தொடங்கியது சென்ற ஆண்டுத் தலைவருடையது. அதைப் பேணுவதில் புகழில்லை. தந்தை நட்ட தென்னைக்குத் தனயன் நீர் வார்ப்பான். சென்ற ஆண்டுத் தலைவர் நட்ட கன்றுக்கு நீர் வார்ப்பவர் யார்?

இக்கேள்வியைக் கையில் ஏந்திக்கொண்டு, புதுவையில் ஒரு தொண்டுச் சங்கத்தின் ஆண்டு எவ்வாறு நடைபெறுகிறது என்பதை மாதம் மாதமாக நோக்கலாம்.

ஜூலையில் பதவியேற்பு விழா. அதனை ஒட்டிப் பெரும்பாலும் மரக்கன்று நடும் விழா. நோக்கம் உயர்ந்தது, காலம்தான் பொருந்தவில்லை. புதுவைக்குப் பெருமழை தருவது வடகிழக்குப் பருவமழை. அது அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்வது. ஜூலையில் நட்ட கன்று மழையைக் காணும் முன்னரே வெயிலில் வாடிவிடுகிறது. ஜூலையில் இடத்தைத் தேர்ந்து, குழி எடுத்து, எருவிட்டு, காப்பு வேலியும் அமைத்து, மழை தொடங்கும் வேளையில் வேம்பும் புங்கனும் பூவரசும் நட்டால், மூன்று மாதம் இயற்கையே செவிலித்தாயாக இருந்து வளர்க்கும். அதன் பிறகும் குறைந்தது இரண்டு கோடைகள் அக்கன்றுக்கு நீர் வேண்டும். இரண்டு கோடை என்றால் இரண்டு தலைவர்கள். ஆகவே நடும்போதே அடுத்த தலைவரையும் அருகில் நிறுத்திக்கொள்ள வேண்டும்.

ஆகஸ்ட் 25 முதல் செப்டம்பர் 8 வரை நாடெங்கும் கண்தான இருவாரம் கொண்டாடப்படுகிறது. பார்வையற்றோர்க்கான பணியில் அரிமா சங்கங்களுக்குத் தனி மரபு உண்டு. 1925 ஜூன் 30 அன்று அச்சங்கங்களின் பன்னாட்டு மாநாட்டில், பார்வையும் செவிப்புலனும் இழந்த ஹெலன் கெல்லர் அம்மையார் உரையாற்றி, பார்வையற்றோர்க்குத் துணை நிற்குமாறு வேண்டினார். அன்று கேட்டவர்கள் ஓராண்டோடு அதனை மறந்திருந்தால், அது ஒரு நல்ல சொற்பொழிவாக மட்டும் முடிந்திருக்கும். நூறாண்டுகளாகத் தொடர்ந்தமையால் அது ஒரு மரபாயிற்று.

கண்தானத்தைப் பொறுத்தவரை ஒவ்வொரு குடும்பமும் அறிய வேண்டிய செய்திகள் சில. இறந்தவரின் கருவிழிகளைப் பொதுவாக ஆறு மணி நேரத்திற்குள் எடுக்க வேண்டும். கண்ணாடி அணிந்தவரும், கண்புரை அறுவை செய்துகொண்டவரும், நீரிழிவும் இரத்த அழுத்தமும் உடையவரும் கண்தானம் செய்யலாம். வெறிநாய்க்கடி, எய்ட்ஸ், மஞ்சள் காமாலைக் கிருமி போன்ற சில தொற்றுகளால் இறந்தவர்களின் கண்கள் மட்டும் ஏற்கப்படுவதில்லை. உயிர் பிரிந்ததும் இமைகளை மூடி, ஈரப்பஞ்சு வைத்து, மின்விசிறியை நிறுத்தி, தலையைச் சற்று உயர்த்தி வைத்துக் கண் வங்கிக்குச் சொல்லிவிட வேண்டும். மருத்துவக் குழு வீட்டிற்கே வரும். அரை மணி நேரத்திற்குள் பணி முடியும். முகத்தில் சிதைவு தெரியாது. ஈமச் சடங்குகளுக்கும் தடை நேராது. ஒருவர் தரும் இரு கண்கள் இருவருக்கு ஒளி தரும்.

இருவார விழாவில் சங்கங்கள் உறுதிமொழிப் படிவங்களை நூற்றுக்கணக்கில் திரட்டுகின்றன. ஆண்டறிக்கையில் அந்த எண் பெரிதாக அச்சாகிறது. ஆயினும் படிவம் கண்ணாகாது. கையெழுத்திட்டவர் இறக்கும்போது அவரால் பேச இயலாது; பேச வேண்டியவர்கள் மனைவியும் மக்களும். அழுகையும் குழப்பமும் நிறைந்த அந்த ஆறு மணி நேரத்தில், "அப்பாவின் விருப்பம் இது" என்று சொல்ல ஒரு மகனுக்கோ மருமகளுக்கோ நா எழ வேண்டும். ஆகவே படிவத்தை விழா மேடையில் நிரப்புவதைவிட, வீட்டுக் கூடத்தில் குடும்பத்தார் அனைவரையும் வைத்துப் பேசி நிரப்புவதே பயன் தருவது. துயர் நேர்ந்த வீட்டிலிருந்து எந்த நள்ளிரவில் அழைத்தாலும் எழுந்து வரும் இரண்டு உறுப்பினர்கள் ஒரு சங்கத்தில் இருந்தால், அது ஆயிரம் படிவங்களுக்கு மேலானது.

அக்டோபர் முதல் நாள் தேசியத் தன்னார்வ இரத்ததான நாள்; ஜூன் 14 உலக இரத்ததான நாள். புதுவையில் இப்பணிக்குத் தனிப் பொருள் உண்டு. 1823-இல் பிரெஞ்சுக்காரர் நிறுவிய மருத்துவப் பள்ளியின் வழிவந்து, 1964-இல் ஜிப்மர் என்னும் பெயரில் உருப்பெற்ற மருத்துவ நிலையம் இங்கு அமைந்துள்ளது. விழுப்புரம், கடலூர், திருவண்ணாமலை மாவட்டங்களின் சிற்றூர்களிலிருந்தும் நோயாளிகள் நாள்தோறும் அங்கு வந்து குவிகின்றனர். உறவினர் எவருமின்றி வந்த நோயாளிக்கு இரத்தம் தருபவர், முன்பின் அறியாத ஒருவரே.

இங்கும் எண்ணிக்கை ஏமாற்றும். தானமாகப் பெற்ற இரத்தத்தின் சிவப்பணுக்களை ஐந்து, ஆறு வாரங்களுக்கு மேல் வைத்திருக்க இயலாது. தட்டணுக்களுக்கு ஆயுள் ஐந்து நாள் அளவே. ஒரே நாளில் முந்நூறு பேரைத் திரட்டி மாபெரும் முகாம் நடத்தினால் செய்தித்தாளில் படம் வரும். இரண்டு மாதம் சென்றபின் வரும் நோயாளிக்கு அதனால் பயனில்லை. அதே முந்நூறு பேரை நான்காகப் பகுத்து, மூன்று மாதத்திற்கு ஒரு முறை எழுபத்தைந்து பேர் என்று அமைத்தால் ஆண்டில் இருப்பு உள்ள நாள்கள் பெருகும். ஆடவர் மூன்று மாத இடைவெளியிலும் பெண்டிர் நான்கு மாத இடைவெளியிலும் மீண்டும் தானம் செய்யலாம் என்பது விதி. கோடை விடுமுறையில் கல்லூரிகள் மூடப்படுவதால் கொடையாளர் குறையும் ஏப்ரல், மே மாதங்களில் நடத்தும் சிறு முகாமே மிகுந்த தேவையுடையது.

அக்டோபர் 24 உலகப் போலியோ நாள். ஓராண்டுப் பொறுப்புகள் ஒன்றோடொன்று கோக்கப்பட்டால் என்ன ஆகும் என்பதற்குப் போலியோ ஒழிப்பே உலகம் கண்ட சான்று. 1985-இல் ரோட்டரி இயக்கம் இளம்பிள்ளை வாதத்தை உலகிலிருந்தே அகற்றும் பணியை ஏற்றது. 1988-இல் உலக நலவாழ்வு நிறுவனம் முதலியவற்றோடு சேர்ந்து அது பேரியக்கம் ஆயிற்று. அப்பொழுது ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ மூன்றரை இலட்சம் குழந்தைகள் உலகெங்கும் முடமாயினர். இந்தியாவில் 1995-இல் சொட்டு மருந்து நாள்கள் தொடங்கின. 2009-இல் கூட 741 குழந்தைகள் இந்நாட்டில் பாதிக்கப்பட்டனர். 2010-இல் அது 42 ஆயிற்று. 2011 ஜனவரி 13 அன்று மேற்கு வங்கத்தின் ஹவுரா மாவட்டத்தில் கண்டறியப்பட்ட ஒரு குழந்தையே கடைசி. 2014 மார்ச் 27 அன்று இந்தியாவை உள்ளடக்கிய தென்கிழக்கு ஆசியப் பகுதி போலியோவற்றது எனச் சான்றளிக்கப்பட்டது.

1985 முதல் 2011 வரை கணக்கிட்டால், ஒவ்வொரு ரோட்டரி சங்கத்திலும் ஏறத்தாழ இருபத்தாறு தலைவர்கள் மாறியிருப்பர். அவர்களுள் எவரும் "இது முன்னவர் பணி, எனக்கு வேண்டாம்" என்று கூறவில்லை. முதலில் தொடங்கியவர்களுள் பலர் முடிவைக் காணவில்லை. கடைசியில் பொறுப்பிலிருந்தவர் தாம் மட்டும் முடித்ததாகச் சொல்லவும் இயலாது. தெருமுனைச் சாவடியில் மருந்துப் பெட்டியோடு அமர்ந்த செவிலியர், அங்கன்வாடிப் பணியாளர், மாணவர் ஆகியோரின் உழைப்பும் அரசின் பொருளும் சேர்ந்தே அவ்வெற்றி. சங்கங்கள் அதில் ஒரு கண்ணி. ஆனால் அறுந்துபோகாத கண்ணி.

நவம்பர் முதல் நாள் புதுவையின் விடுதலை நாள். 1954-இல் பிரெஞ்சு ஆட்சியிலிருந்து நிர்வாகம் கைமாறிய நாள். கொடியேற்றத்தை அடுத்து வருவது புயற்காலம். 2004 டிசம்பர் 26-இல் ஆழிப்பேரலை புதுவை, காரைக்கால் மீனவச் சிற்றூர்களைத் தாக்கியது. 2011 டிசம்பர் 30-இல் தானே புயல் கடலூருக்கும் புதுவைக்கும் இடையே கரை கடந்து, மரங்களையும் மின்கம்பங்களையும் சாய்த்தது. 2024 நவம்பர் 30 இரவில் ஃபெஞ்சல் புயல் புதுவை அருகே கரை கடந்தபோது, ஒரு நாளில் நாற்பது சென்டிமீட்டருக்கும் மேல் மழை கொட்டியது. கிருஷ்ணா நகர் முதலிய பகுதிகளில் வீடுகளுக்குள் சிக்கியவர்களை மீட்க இராணுவத்தினர் வர நேர்ந்தது.

இத்தகைய வேளையில் எல்லாரும் உணவுப் பொட்டலம் வழங்க ஓடுவர். முதல் இரண்டு நாள் அது உயிர் காக்கும். மூன்றாம் நாள் ஒரே தெருவிற்கு நான்கு வண்டிகள் வரும். உள்ளடங்கிய தெருவிற்கு ஒன்றும் வராது. புயலுக்கு முன்னரே, செப்டம்பரிலேயே, தாழ்வான தெருக்கள் எவை, தனித்து வாழும் முதியோர் எந்த வீட்டில் உள்ளனர், எந்தப் பள்ளியில் சமையலுக்குப் பாத்திரம் உண்டு என்று ஒரு பட்டியலை ஆயத்தம் செய்து வைத்த சங்கம் பத்துச் சங்கங்களின் பணியைச் செய்யும். அப்பட்டியலை ஆண்டுதோறும் புதுப்பித்து அடுத்த செயலாளரிடம் தருவதற்குச் செலவு ஒன்றுமில்லை. ஆனால் அதற்கு மாலையும் இல்லை. ஆதலால்தான் அது பெரும்பாலும் செய்யப்படுவதில்லை.

தை பிறந்ததும் கண் பரிசோதனை முகாம்கள் பெருகும். 1976-இல் மதுரையில் மருத்துவர் கோ. வெங்கடசாமி பதினொரு படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, 2003 முதல் புதுவையிலும் செயல்படுகிறது. முகாம் என்பது கூட்டுப் பணி. சங்கமோ அறக்கட்டளையோ இடம் தேடி, ஊர்தோறும் அறிவித்து, முதியோரை அழைத்து வரும். மருத்துவர் பரிசோதித்துக் கண்புரை உடையோரை அழைத்துச் சென்று அறுவை செய்வர். இதில் விடுபட்டுப் போவது மறுபரிசோதனை. ஒரு மாதம் கழித்து அந்த மூதாட்டி மீண்டும் வந்தாரா, மருந்தை முறையாக இட்டாரா, கண்ணாடி பெற்றாரா என்பதை யார் கேட்பது? முகாம் நாளில் கைதாங்கி அழைத்து வந்த இளைஞரே மறுமுறையும் சென்று கேட்டால், அந்த மூதாட்டி அடுத்த முகாமுக்குத் தம் ஊரிலிருந்து நால்வரைத் தாமே அழைத்து வருவார்.

பங்குனி, சித்திரையில் தண்ணீர்ப் பந்தல்கள் எழும். பள்ளிகளில் குடிநீர் சுத்திகரிப்புக் கருவி அமைத்துத் தருதலும் நடைபெறும். பலவிடங்களில் காணும் காட்சி ஒன்று உண்டு. பளிங்குக் கல்லில் சங்கத்தின் பெயர் மின்னும். கீழே குழாயில் நீர் வராது. கருவியின் வடிகட்டியைக் காலந்தோறும் மாற்ற வேண்டும். அதற்கு ஆண்டுதோறும் பொருள் வேண்டும். கருவி வாங்க நன்கொடை தருவோர் பலர். வடிகட்டி மாற்றத் தருவோர் அரியர். கருவியின் விலையோடு ஐந்தாண்டுப் பராமரிப்புச் செலவையும் சேர்த்துத் திரட்டி, அதனை வைப்பு நிதியாக இட்ட பின்னரே திறப்பு விழா நடத்துவது என்று ஒரு சங்கம் தீர்மானித்தால், திறப்பு விழாக்கள் குறையும். ஆனால் குழந்தைகள் பருகும் நீர் குறையாது.

இக்கருத்து தமிழ்நாட்டிற்குப் புதிதன்று. சோழர் காலக் கல்வெட்டுகளில் நந்தாவிளக்கு எரிக்கத் தொண்ணூறு, தொண்ணூற்றாறு ஆடுகள் அளித்த செய்தி மீண்டும் மீண்டும் வருகிறது. அவற்றிற்குச் "சாவா மூவாப் பேராடு" என்று பெயர். ஆடு சாகும், மூக்கும். ஆனால் மந்தையின் எண்ணிக்கை குறையக் கூடாது. குட்டிகளால் அதனை நிறைத்து, நாள்தோறும் உழக்கு நெய் அளப்பது இடையரின் பொறுப்பு. அவருக்குப் பின் அவர் வழியினரும் அதே எண்ணிக்கையைக் காத்து ஒப்படைப்பர். கொடுத்தவர் மறைந்தபின்னும் விளக்கு எரிந்தது. ரோட்டரி அறநிலையத்தின் கதையும் இதுவே. 1917-இல் அதற்கான எண்ணம் முன்வைக்கப்பட்டது. அடுத்த ஆண்டில் வந்த முதல் நன்கொடை, ஒரு சங்கத்தின் செலவு போக எஞ்சிய 26 டாலர் 50 சென்ட் மட்டுமே. அந்தச் சிறு மிச்சமே பின்னாளில் போலியோ ஒழிப்புக்கு 200 கோடி டாலருக்கும் மேல் தரவல்ல நிதியாக வளர்ந்தது.

சமணம் போற்றும் நால்வகைத் தானங்களை இச்சபையோர் இளமை முதலே அறிவர்: ஆகாரம், ஔஷதம், சாஸ்திரம், அபயம். புயலில் பசித்தோர்க்குத் தரும் உணவு ஆகார தானம். குருதியும் கருவிழியும் சொட்டு மருந்தும் ஔஷத தானம். பள்ளிக்கும் நூலகத்திற்கும் தருவது சாஸ்திர தானம். தனித்து நிற்கும் முதியோரின் கதவைத் தட்டி "அஞ்ச வேண்டா" என்று கூறுவது அபய தானம். திண்டிவனம், செஞ்சி, வந்தவாசிப் பக்கத்துச் சிற்றூர்களிலிருந்து கல்வியையும் பணியையும் நாடிப் புதுவைக்கு வந்து தங்கிய தமிழ்ச் சமணக் குடும்பங்கள் பல. அவர்கள் இல்லங்களில் இவை நோன்பு நாளோடு முடியும் கடமைகள் அல்ல. அவ்வாறே தொண்டும் விழா நாளோடு முடிவதன்று.

நிறைவாக, ஜூன் மாதத்தைப் பற்றி ஒரு சொல். 1932-இல் ஹெர்பர்ட் டெய்லர் என்பவர் நலிந்த ஒரு நிறுவனத்தை நிமிர்த்த நான்கு கேள்விகளை வகுத்தார். உண்மையா, அனைவர்க்கும் நேர்மையானதா, நல்லெண்ணத்தையும் நட்பையும் வளர்க்குமா, அனைவர்க்கும் நன்மை தருமா என்பன அவை. ரோட்டரி அவற்றைத் தன் நெறியாக ஏற்றது. ஓராண்டுத் தலைவர் ஐந்தாவதாக ஒன்றையும் கேட்டுக்கொள்வது நன்று: "அடுத்த ஆண்டும் இது நடக்குமா?"

ஜூன் 30 மாலையில் பொறுப்பை ஒப்படைப்பவர், கழுத்துப் பட்டையோடு ஒரு சிறு குறிப்பேட்டையும் ஒப்படைக்கட்டும். நட்ட கன்றுகளில் உயிரோடு இருப்பவை எத்தனை, எந்த இடத்தில். இரத்தம் தர ஒப்பியோரின் பெயரும் பிரிவும். கண்தானத்திற்குக் குடும்பத்தோடு இசைந்த வீடுகள். மறுபரிசோதனைக்கு வர வேண்டிய முதியோர். வடிகட்டி மாற்ற வேண்டிய நாள். நிறைவேறாமல் போனவை எவை, ஏன் என்பது. இவை அத்தனையும் அதில் இருக்கட்டும். வாங்குபவர் அதனைப் பிரித்துப் படித்து, தம் முதல் கூட்டத்தில் அந்த நிறைவேறாதவற்றிலிருந்தே தொடங்கட்டும்.

ஆயியின் குளத்தை வெட்டிய கைகள் எத்தனை என்று எவரும் அறியார். தூர் வாரியவர்களின் பெயர்களும் எங்கும் பொறிக்கப்படவில்லை. அவர்கள் ஆண்டுதோறும் தூர் வாரியிராவிட்டால், குடிநீருக்குத் தவித்த நகரத்திற்குத் தர அங்கே நீர் இருந்திருக்காது; பாரதி பூங்காவில் மண்டபமும் இருந்திராது. வெட்டுபவருக்குக் கிடைக்கும் புகழில் ஒரு பங்கேனும் தூர் வாருபவருக்கும் கிடைக்கும் நாளில், புதுவையின் தொண்டுச் சங்கங்கள் ஒவ்வோர் ஆண்டும் புதிதாகப் பிறக்க வேண்டியிராது, ஆண்டுதோறும் வளரும்.